பின்னணிக் காற்று: ஐந்து அறிவியல் கட்டுரைகளை வாசித்தல்

1973 ஜனவரியில் ஜேம்ஸ் லவ்லாக் இன்னும் இருவரோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை மூன்றே பக்கம்தான். அட்லாண்டிக் கடலின் நீரிலும் அதற்கு மேலுள்ள காற்றிலும் கலந்திருந்த சில சேர்மங்களை அளந்து சொல்லும் கட்டுரை. அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. இந்தச் சேர்மங்கள் காற்றில் இருப்பதால் எந்த ஆபத்தையும் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியாது, காற்றும் கடலும் எப்படி நகர்கின்றன என்று பின்தொடர்ந்து பார்க்க இவை உதவும் என்பதே இவற்றின் சுவாரசியம். இதுதான் அதன் சாரம். அந்தச் சேர்மங்களில் ஒன்று சி.எஃப்.சி-11. ஓசோன் படலத்தை அரித்ததற்காக உலக நாடுகள் எல்லாம் கூடித் தடை செய்த வாயு அது. இவ்வளவு சீக்கிரம் காலாவதியான வாக்கியம் வேறொன்று என் வாசிப்பில் இல்லை.

இந்த வரியை வைத்து லவ்லாக்கைக் கிண்டல் செய்வது சுலபம். அவரே பிற்பாடு அதற்காக வருந்தியிருக்கிறார். எனக்குக் கிண்டலைவிட அந்த வரியில் வரும் ‘கற்பனை’தான் முக்கியமாகப் படுகிறது. அவருடைய எண்கள் எல்லாம் சரி. அவர் கட்டிய கருவி சரி. தப்பானது வாசிப்பு. தன் கையால் திரட்டிய பிரதியைத் தானே தப்பாக வாசித்த ஒருவரைப் பற்றி இலக்கியம் படிக்கிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? நாம் வாரம் ஒரு தடவை எழுத்தாளர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கதை புகைமூட்டத்தில் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. லவ்லாக் கோடைக்காலங்களில் அயர்லாந்தின் மேற்குக் கரையில் தங்குவார். எதிரே அட்லாண்டிக், தொழிற்சாலை எதுவும் பக்கத்தில் இல்லை. அப்படியும் சில நாட்களில் காற்று மங்கலாகிவிடும். இது இயற்கையா, இல்லை ஐரோப்பிய நகரங்களிலிருந்து வரும் அழுக்கா? அதைக் கண்டுபிடிக்க மனிதன் மட்டுமே தயாரிக்கிற ஏதாவது ஒரு பொருளைக் காற்றில் அளக்க வேண்டும். ஸ்ப்ரே டப்பாக்களிலும் குளிர்சாதனங்களிலும் இருந்த சி.எஃப்.சி-11 அதற்குத் தோதாக இருந்தது. மங்கலான நாட்களில் அது அதிகம் இருந்தது. அவர் நினைத்தது சரிதான். ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து நேராக வந்த தெளிந்த காற்றிலும் அது கொஞ்சம் இருந்தது. யாரும் இல்லாத கடலில் இருந்து வரும் காற்றில் எப்படி?

இந்த இடத்தில் கொஞ்சம் நம்ம ஊர்ப் பக்கம் வருகிறேன். நமக்கும் புகைமூட்டம் பழக்கம். 1997, 2015 என்று ஆண்டைச் சொன்னாலே தொண்டை கரகரக்கும். நம் கவிதைகளில் அது நிறைய வந்துவிட்டது, சில நல்லதாகவும் வந்திருக்கிறது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடினார்கள். அப்போதும் எழுதினோம். ஆனால் காற்று கண்ணை எரித்தால், மூக்கில் ஏறினால் மட்டும்தான் நம் எழுத்துக்குள் வருகிறது. லவ்லாக்கின் பெருமை புகையைப் பார்த்ததில் இல்லை. புகை இல்லாத நாளிலும் போய் அளந்ததில் இருக்கிறது.

அவர் நிதி கேட்டுப் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இருந்தாலும் 1971இல் ‘ஷாக்கில்டன்’ என்ற ஆய்வுக் கப்பலில் தன் கருவியை ஏற்றிவிட்டார். பிரிட்டனிலிருந்து அண்டார்க்டிகா பக்கம் வரை காற்றைப் பிடித்துப் பிடித்து அளந்தார்கள். போன இடமெல்லாம் அது இருந்தது. வடக்கே கூடுதல், தெற்கே குறைவு, இல்லாத இடம் மட்டும் இல்லை. அளவு என்னவோ லட்சம் கோடியில் சில பத்துப் பங்குகள்தான். லட்சம் கோடியில் ஒன்று என்றால், சுமார் 31,700 ஆண்டுகளில் ஒரே ஒரு நொடி. இவ்வளவு சின்ன எண்ணைப் பார்க்கிறவனுக்கு இதனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றுவது இயல்பு. லவ்லாக்குக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். மூச்சில் போகும் நஞ்சு என்ற ஒரே அர்த்தத்தில் அவர் ஆபத்தைப் பார்த்தார். அந்த அர்த்தத்தில் அவர் சொன்னது பொய்யும் இல்லை.

கலிஃபோர்னியாவில் ஷெர்வுட் ரோலண்டும் மாரியோ மொலினாவும் அதே எண்களை வேறு மாதிரி வாசித்தார்கள். 1974 ஜூனில் வந்த அவர்களுடைய கட்டுரையும் மூன்று பக்கம். ரோலண்டின் காதில் லவ்லாக்கின் அளவுகள் 1972இலேயே விழுந்துவிட்டன. அவர் கேட்ட கேள்வி எளிமையானது: காற்றில் இருக்கும் மொத்த அளவு, உலகம் அதுவரை தயாரித்த மொத்த அளவுக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்கிறதே, அப்படியென்றால் போனது எதுவும் அழியவில்லையா? மழை இதைக் கரைக்காது, தரை உறிஞ்சாது. பல பத்தாண்டுகள் மேலே மேலே ஏறிப்போய், புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து, குளோரினாகி ஓசோனைத் தின்னும் என்று எழுதினார்கள். காற்றில் இதன் ஆயுள் 40 முதல் 150 ஆண்டுகள் என்று கணக்கு. எதனுடனும் வினைபுரியாது என்ற ஒரே காரணத்துக்காக லவ்லாக் இந்த வாயுவைச் சுவடுகாட்டியாகத் தேர்ந்தெடுத்தார். அவர்களுக்கு அதே குணம்தான் எச்சரிக்கை மணி. ஒரே பிரதி, ஒரே சொல், இரண்டு வாசிப்பு. இந்த இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு பட்டறைக்குப் போய்வந்த மாதிரி இருக்கும். 1985இல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை தெரிந்தது, 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, 1995இல் பால் குரூட்ஸனோடு சேர்த்து இவர்களுக்கு நோபல் பரிசு. அந்த வரலாறு எல்லா இடத்திலும் கிடைக்கும், நான் தாண்டிப் போகிறேன்.

என் பிழைப்பு பெரிய கட்டடங்களின் சில்லர்களோடு. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இதில் சேர்ந்தேன். எங்கள் வேலையில் இந்த வாயுவுக்கு ஆர்-11 என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் ஏதோ செத்துப்போன சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல அதைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் பதிவேட்டில் ஒரு விநோதம் உண்டு. வாயு குறைந்தால் ‘டாப்-அப்’ என்று தேதி போட்டு எத்தனை கிலோ ஏற்றினோம் என்று எழுதுவோம். ஏற்றியதற்குக் கணக்கு உண்டு. ஏற்ற வேண்டி வந்ததே, அப்போ முன்னாடி இருந்தது எங்கே போச்சு என்பதற்கு ஒரு கட்டம்கூட அந்தத் தாளில் கிடையாது. “ஆகாயத்துக்குத்தான் போச்சு, வேற எங்க போகும்?” என்று எங்கள் ஃபோர்மேன் ஒரு தடவை சொன்னார். நாடுகள் ஒப்பந்தத்துக்குக் கொடுக்கும் அறிக்கையும் இதே மாதிரிதான்: எவ்வளவு தயாரித்தோம், எவ்வளவு பயன்படுத்தினோம் என்று அவரவர் எழுதிக் கொடுப்பது. அந்தக் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்க்க ஒரே வழி, போய்ச் சேர்ந்த இடத்தில் அளப்பது. பின்னணிக் காற்றை அளக்கும் நிலையங்கள் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

தமிழில் பின்னணி என்றதும் நமக்குப் பாட்டுதான் ஞாபகம் வரும். திரையில் ஒருவர் வாயசைப்பார், குரல் வேறு எங்கோ இருந்து வரும். வளிமண்டல அறிவியலில் பின்னணி என்றால் பக்கத்தில் எந்த நகரமும் எந்த ஆலையும் கலக்காத, நன்றாகக் கலந்து முடிந்த காற்று. தாஸ்மானியாவின் வடமேற்கு மூலையில் கேப் கிரிம் என்ற முனையில் 1976 முதல் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே தென்மேற்கிலிருந்து, திசைமானியில் 190 முதல் 280 பாகைக்குள் வீசும் காற்றை மட்டும் ‘அடிப்படைக் காற்று’ என்று கொள்வார்கள். அது நாள்கணக்கில் வெறும் கடலைக் கடந்து வந்த காற்று. வடக்கிலிருந்து வந்தால் அதில் மெல்பர்ன் கலந்திருக்கும், அதைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள். அயர்லாந்து, சமோவா, பார்படோஸ் என்று இந்த மாதிரி நிலையங்கள் 1978இலிருந்து ஒரு வலையாக இயங்குகின்றன.

கேப் கிரிம்மில் இன்னொன்றும் செய்கிறார்கள். 1978 முதல் அங்கே வீசும் அடிப்படைக் காற்றை எஃகுக் கலன்களில் அடைத்துச் சேர்த்துவைக்கிறார்கள். எதற்கு? அப்போது அவர்களுக்கே முழுசாகத் தெரியாது. பிற்காலத்தில் நல்ல கருவி வரும், இப்போது கேட்கத் தெரியாத கேள்வியை அப்போது யாராவது கேட்பார்கள் என்ற ஒரு நம்பிக்கைதான். ஏட்டுச் சுவடியை அர்த்தம் புரியாமலே தலைமுறை தலைமுறையாகப் படி எடுத்து வைத்தவர்களுக்கும் இதே குணம் இருந்திருக்கும். 2014இல் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தார் அந்தக் கலன்களையும் கிரீன்லாந்தின் பழைய பனியில் சிக்கிய காற்றையும் திறந்து படித்தபோது, அதுவரை யாரும் காற்றில் கண்டிராத நான்கு வாயுக்கள் இருந்தன. நான்கும் ஓசோனை அரிப்பவை. பல ஆண்டுகளாக அங்கேயே, கலனுக்குள், வாசகர் வராமல் இருந்திருக்கின்றன.

இனி 2018. ஐந்தில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஸ்டீபன் மாண்ட்ஸ்கா என்ற அமெரிக்க அரசு ஆய்வாளரும் கூட்டாளிகளும் மே மாதம் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. 2010க்குள் சி.எஃப்.சி-11 உற்பத்தி உலகெங்கும் நின்றிருக்க வேண்டும். 2006 முதலே அறிக்கைகளில் உற்பத்தி ஏறத்தாழ பூஜ்யம். காற்றிலும் அது குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் 2012க்குப் பிறகு, குறையும் வேகம் சுமார் பாதியாகிவிட்டது. கவனியுங்கள், வாயு கூடவில்லை. குறையும் வேகம்தான் குறைந்தது. ஒரு கோட்டின் சாய்வில் ஏற்பட்ட இந்தச் சின்ன மாற்றத்தை வைத்துக்கொண்டு, எங்கோ யாரோ ஆண்டுக்கு 13,000 டன் அளவுக்குக் கூடுதலாக இதை வெளியே விடுகிறார்கள் என்று அவர்கள் முடிவுக்கு வருகிறார்கள்.

எப்படி வருகிறார்கள் என்பதுதான் அழகு. முதலில் தங்களுக்கு எதிராகவே வாதாடுகிறார்கள். காற்றோட்டம் மாறியிருக்கலாமா? ஓரளவுக்கு இருக்கலாம், ஆனால் முழுசாக விளக்காது. பழைய கட்டடங்களை இடிக்கும்போது சுவர்களிலுள்ள நுரைப்பஞ்சிலிருந்து கசிந்திருக்கலாமா? அதற்கு இவ்வளவு வேகம் போதாது. ஹவாயின் மௌனா லோவாவில் இந்த வாயு, வேறு சில தொழிற்சாலை வாயுக்களோடு கைகோத்துக்கொண்டு வருவதைக் காட்டுகிறார்கள். கடைசியில்தான் சொல்கிறார்கள்: கிழக்கு ஆசியாவில் யாரோ அறிவிக்காமல் புதிதாகத் தயாரிப்பதாகத் தெரிகிறது. ‘யாரோ’ என்பது என் சொல். அவர்கள் அந்த அளவுக்குக்கூட ஆளைக் கொண்டுவரவில்லை.

தலைப்பில் ‘எதிர்பாராத’ என்று ஒரு சொல் வருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் மரியாதையான சொல். ஆனால் யார் எதிர்பார்த்தது? எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்ன வாக்கை நம்பியவர்கள் எதிர்பார்த்தார்கள். குரலை உயர்த்தாமல் வைத்த குற்றச்சாட்டு அது. அந்த 13,000 டன்னோடு இன்னொரு எண்ணும் ஒட்டிக்கொண்டு வருகிறது: கூடவோ குறையவோ 5,000. தன் சந்தேகத்தைத் தனக்குள்ளேயே அளந்து வைத்திருக்கும் எண். நம் விமர்சனத்தில் “இந்த நாவல் ஒரு மைல்கல்” என்று எழுதுகிறோமே, அதற்குப் பக்கத்தில் கூடவோ குறையவோ எவ்வளவு என்று போட்டால் எத்தனை மைல்கல் மிஞ்சும்? சும்மா கேட்கிறேன்.

இந்த நிதானத்தின் மேல் எனக்கு ஒரு புகாரும் உண்டு. ‘கிழக்கு ஆசியா’ என்பது ரொம்பப் பெரிய ஊர். அப்படி எழுதினால் ஒரே சமயத்தில் எல்லாரும் குற்றவாளி, யாரும் குற்றவாளி இல்லை. அந்த ஆண்டிலேயே ஒரு சுற்றுச்சூழல் அமைப்பும் செய்தியாளர்களும் சீனாவின் நுரைப்பஞ்சு ஆலைகளுக்கு நேரில் போய் விசாரித்து இது புழக்கத்தில் இருப்பதை எழுதிவிட்டார்கள். கட்டுரையால் முடியாததை ஒரு நேர்காணல் செய்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், மௌனா லோவாவில் நின்றுகொண்டு அதற்கு மேல் சொல்ல முடியாது. அவ்வளவு தூரத்திலிருந்து கேட்கும் காதுக்குத் திசை தெரியும், வீடு தெரியாது. தெரிந்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். லவ்லாக் தாண்டிய கோட்டை இவர்கள் தாண்டவில்லை.

2019 மே மாதம் மேத்யூ ரிக்பியும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை வீட்டுக்குப் பக்கத்திலேயே போய்விட்டது. தலைப்பிலேயே கிழக்குச் சீனா. கூடவே, காற்றில் அளந்ததை வைத்துச் சொல்கிறோம் என்பதும் தலைப்பிலேயே. தென்கொரியாவின் ஜேஜு தீவிலுள்ள கோசன், ஜப்பானின் ஹதெருமா தீவு ஆகிய இரண்டு நிலையங்களின் அளவுகளைக் கொண்டு, 2014 முதல் 2017 வரையான காலத்தில் ஆண்டுக்கு சுமார் 7,000 டன் (கூடவோ குறையவோ 3,000) அங்கிருந்து முன்பைவிடக் கூடுதலாக வந்தது, முக்கியமாக ஷாண்டோங், ஹெபெய் மாகாணங்களைச் சுற்றி என்று காட்டினார்கள். இங்கே வேலை செய்தது பின்னணிக்கு நேர் எதிரானது. கேப் கிரிம்மில் எதை ஒதுக்குவார்களோ, அதைத்தான் கோசனில் காத்திருந்து பிடிக்கிறார்கள்: சீனப் பக்கமிருந்து காற்று வரும் நாட்களில் எகிறும் அந்த முட்களை. தட்டையான கோடு உலகத்தைப் பற்றிச் சொல்லும், முள் பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்லும். 2021இல் வந்த இரண்டு கட்டுரைகளின்படி வெளியேற்றம் 2019க்குள் திரும்பக் குறைந்துவிட்டது. வாசிப்பு உலகத்தில் எதையாவது மாற்றுமா என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒன்றைக் காட்டலாம்.

கடைசியாக, 2017இல் வந்த ஒன்று. சொல்லப்போனால் இதற்காகத்தான் மற்றதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். டேவிட் ஓரம் என்பவர் முதன்மை ஆசிரியர், மலேசியாவில் இருந்தவர்களும் பட்டியலில் உண்டு. காற்று பிடித்த இடங்களில் ஒன்று கிளந்தானின் பாச்சோக். அங்கே மலாயாப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் கரையோரம் இருக்கிறது. 2014 ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும், வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது பிடித்தார்கள். குளிர்காலத்தில் ஆசியக் கண்டத்தின் குளிர்காற்று திடீரென்று தெற்கே பாயும்போது, கிழக்காசியத் தொழிற்பகுதிகளின் குளோரின் வாயுக்கள் சில நாட்களிலேயே நம் கரைக்கு வந்துவிடுகின்றன. இங்கே பூமத்திய ரேகைப் பக்கத்து இடிமேகங்கள் அவற்றை உயரே தூக்கிவிடுகின்றன. டைகுளோரோமீத்தேன் போன்ற இந்த வாயுக்கள் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் இல்லை. ஆயுள் சில மாதங்கள்தான், ஓசோன் வரை போய்ச்சேராது என்று விட்டுவிட்டார்கள். நம் வானத்தில் அவற்றுக்குக் குறுக்கு வழி இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் செய்தி.

நல்ல கட்டுரை. ஆனால் படிக்கும்போது ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கட்டுரையில் பாச்சோக் ஒரு வாசல். காற்று உள்ளே வருகிறது, மேலே போகிறது. அந்தக் காற்றை மழை, வெள்ளம், மீன்பிடிக்கப் போகாத மாதங்கள் என்று தெரிந்து வைத்திருக்கும் ஊர் அதில் இல்லை. அதே 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த வெள்ளமும் இதே பருவக்காற்றோடு வந்ததுதான். இது சுகாதாரப் புகார் இல்லை, லட்சம் கோடியில் இத்தனை பங்கு மூச்சில் போய் யாருக்கும் ஒன்றும் ஆகாது. என் புகார் ‘பின்னணி’ பற்றியது. தாஸ்மானியாவில் சுத்தமான திசை ஒன்று இருக்கிறது. நமக்கு அப்படி ஒதுக்கி எடுக்க ஒரு திசை சுலபமாகக் கிடைக்காது. வடகிழக்கிலிருந்து ஒருவருடைய ஆலை, தென்மேற்கிலிருந்து ஒருவருடைய காட்டுத் தீ, நடுவில் நம்முடைய சொந்த ஆலைகள். இந்த வாயுக்களில் டைகுளோரோஈத்தேனும் ஒன்று, பி.வி.சி தயாரிக்கப் பயன்படுவது. என் வீட்டுக் குழாயும் பி.வி.சிதான்.

பாச்சோக்கில் பிடித்த காற்றைக் கலனில் அடைத்து இங்கிலாந்தின் நாரிச்சுக்கு அனுப்பி அங்கேதான் வாசித்தார்கள். இதைச் சொன்னபோது நண்பன் ஒருவன் சிரித்தான். “நம்ம ஆளுங்க எழுதுறதையும் சென்னைக்கு அனுப்பி அங்க வாசிச்சாத்தான எழுத்து?” என்றான். ஒப்பீடு கொஞ்சம் அநியாயம். அந்தத் துல்லியத்துக்குக் கருவி வைத்திருக்கும் இடங்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். ஆனாலும் எனக்குச் சிரிப்பு முழுசாக வரவில்லை. 2019 கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது: உலகம் முழுக்கக் கூடிய வெளியேற்றத்தில் குறைந்தது 40 முதல் 60 விழுக்காடு வரைதான் கிழக்குச் சீனா. மிச்சம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் உலகின் பெரும்பகுதிக்குப் பக்கத்தில் நிலையமே இல்லை. ஷாண்டோங்கின் பெயர் அச்சில் வந்தது, அதற்கு எதிரே கோசன் இருந்ததால். எதிரே யாரும் இல்லாத இடங்களின் பெயர் வரவில்லை.

படிக்க நினைக்கிறவர்கள் 2018ஐ முதலில் எடுங்கள். வேதியியல் பயமாக இருந்தால் முதல் வரைபடத்தை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். கோடு 2012க்குப் பிறகு எங்கே முரண்டு பிடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்ததும் எழுத்துக்குப் போகலாம். அதற்கப்புறம் 1973, உடனே 1974. பாச்சோக் கட்டுரை நீளமானது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை நவம்பரில், கிழக்குக் கரையில் மழை தொடங்கியபிறகு படித்தால் நன்றாக இருக்கும்.